ஸ்கேனர் உங்கள் இணையத்தளத்தில் எதைப் பார்க்கிறது?

“அந்த சைட்டை யாரோ ஸ்கேன் பண்ணிட்டாங்களாம்” என்று ஒரு பேச்சு வந்தால் போதும், பாதிப் பேர் அது ஹேக் ஆகிவிட்டது என்றே முடிவுகட்டி விடுகிறார்கள். மீதிப் பேர் நேர் எதிர்ப்பக்கம். தாங்களே ஒருமுறை ஸ்கேன் ஓட்டிப் பார்ப்பார்கள், திரையில் ஒன்றும் வராது, உடனே சைட் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டுமே பிழை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஸ்கேனர், அதாவது ஒரு சைட்டைச் சோதித்துப் பார்க்கும் மென்பொருள், சைட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது என்ற எண்ணம்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சின்னச் சின்ன இணையத்தளங்கள் பெருகிவிட்டன. பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், மருதமுனைக் கைத்தறிப் புடவை விற்கிறவர்கள், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள், கோயில் திருவிழா விபரம் போடுகிறவர்கள் என்று பலரிடம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் தெரிந்த ஒரு தம்பியோ தங்கச்சியோ கட்டிக் கொடுத்தது. கட்டியவர் பிறகு கொழும்புக்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போய்விடுவார். சைட் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதில் என்னென்ன பொருத்தப்பட்டிருக்கிறது என்பது சொந்தக்காரருக்கே தெரியாது. வெளியில் இருக்கிற ஒருவருக்கு அது எப்படித் தெரியவருகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பிளகின் எங்கே இருக்கிறது

இந்தச் சைட்களில் பெரும்பங்கு வேர்ட்பிரஸில் கட்டியவை. வேர்ட்பிரஸ் என்பது இணையத்தளம் கட்டுவதற்கான இலவச மென்பொருள். 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. வெறும் வேர்ட்பிரஸால் பக்கம் எழுதலாம், படம் போடலாம். அறை பதிவு செய்யும் படிவம், பணம் கட்டும் வசதி, படங்கள் ஓடும் ஸ்லைடர் எல்லாம் வேண்டுமென்றால் அவற்றைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் சிறு மென்பொருள்தான் பிளகின். சைட்டின் தோற்றத்தை மாற்றுவது தீம். வேர்ட்பிரஸின் சொந்தக் களஞ்சியத்திலேயே 50,000க்கும் மேற்பட்ட இலவச பிளகின்கள் கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்குபவை அதற்கு வெளியே.

ஒரு பிளகினைப் பொருத்தும்போது சேர்வரில் என்ன நடக்கிறது? சேர்வர் என்பது சைட்டின் பைல்களை வைத்திருந்து, கேட்பவருக்கு அனுப்பி வைக்கும் கணினி. வேர்ட்பிரஸ் அங்கே ‘டபிள்யூபி-கன்டென்ட்’ என்று ஒரு போல்டர் வைத்திருக்கிறது. அதற்குள் ‘பிளகின்ஸ்’ என்று இன்னொரு போல்டர். நீங்கள் பொருத்துகிற ஒவ்வொரு பிளகினும் அதற்குள் தன் பெயரில் ஒரு போல்டராகப் போய் உட்காரும்.

இங்கே கவனிக்க வேண்டியது, களஞ்சியத்திலிருந்து எடுத்த ஒரு பிளகினின் போல்டர் பெயர் உலகம் முழுக்க ஒன்றுதான் என்பது. கொன்டாக்ட் ஃபோர்ம் 7 என்ற படிவப் பிளகினைக் காத்தான்குடியில் போட்டாலும் கனடாவில் போட்டாலும் அதே பெயரில் அதே இடத்தில்தான் இருக்கும். பெயரும் இடமும் முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் வெளியிலிருந்து தேடுவது சாத்தியமாகிறது.

கவுண்டருக்கு வெளியே நிற்பவர்

கல்முனைப் பஸாரில் ஒரு பழைய ஹார்ட்வெயார் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கவுண்டர். சாமான் எல்லாம் பின்னால் உள்ள இருட்டறையில். நீங்கள் உள்ளே போக ஏலாது. இந்தக் கடையில் என்னென்ன இருக்கிறது என்று அறிய உங்களுக்கு ஒரே வழி, பெயர் சொல்லிக் கேட்பதுதான்.

“நானா, அரை இஞ்சி எல்போ இருக்கா?”

“இருக்கு தம்பி.”

“கேட் வால்வு?”

“இல்ல.”

“அலுமினியம் ஏணி?”

“இருக்கு, ஆனா அது விக்கிறதுக்கில்ல.”

மூன்று கேள்வியில் மூன்று விடயம் தெரிந்துவிட்டது. எல்போ இருக்கிறது. வால்வு இல்லை. ஏணியும் இருக்கிறது; தரமாட்டார், ஆனால் இருப்பதை அவரே சொல்லிவிட்டார். நூறு சாமானின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கேட்டால், அந்த நூற்றில் எவை உள்ளே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் கையில் கிடைக்கும். கடைக்குள் ஓர் அடிகூட வைத்திருக்க மாட்டீர்கள். தாளில் எழுதாத சாமான் எதைப் பற்றியும் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளகின் தேடும் ஸ்கேனர் செய்வது இதேதான்.

சேர்வர் சொல்லும் எண்கள்

பிரவுசரில் ஒரு முகவரியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சேர்வர் ஒரு மூன்றிலக்க எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. நமக்கு அது கண்ணில் படுவதில்லை. 200 என்றால் கேட்டது இருக்கிறது, இந்தா பிடி. 404 என்றால் அப்படி ஒன்று இல்லை. 403 என்றால் அனுமதி இல்லை. இவற்றுக்கு நிலைக் குறியீடு என்று பெயர்.

ஒரு பிளகினின் போல்டர் முகவரியை நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் 403 வரும், அல்லது 200 வந்து பக்கம் வெறுமையாக இருக்கும். பார்ப்பவர் “ஒன்றும் இல்லையே” என்று போய்விடுவார். ஸ்கேனருக்கு அதுவே போதும். அங்கே போல்டர் இல்லாதிருந்தால் 404 அல்லவா வந்திருக்கும்?

மொத்தப் பட்டியலையும் ஒரே கேள்வியில் கேட்டுவிடலாமே என்று தோன்றலாம். ‘பிளகின்ஸ்’ போல்டரையே கேட்டால் என்ன? அதற்கு வேர்ட்பிரஸ் முன்பே வழி செய்து வைத்திருக்கிறது. அந்தப் போல்டருக்குள் வெறுமையான ஒரு முகப்புப் பைலைத் தானே போட்டுவிடும். மௌனமே பொன் என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு குறிப்பு வரிதான் அதில் இருக்கும். கேட்பவருக்கு வெள்ளைப் பக்கம் மட்டும் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு பெயராகக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பிளகின்கள் தெரிந்த இடத்தில், தெரிந்த பெயரில் இருக்கின்றன. பெயர் சொல்லிக் கேட்டால் சேர்வர் ஓர் எண்ணால் பதில் சொல்கிறது. 404 தவிர்ந்த பதில் பெரும்பாலும் ‘இருக்கிறது’ என்பதற்கான அடையாளம்.

கேட்கும் வேலையைச் செய்வது யார்

கையால் நூறு முகவரி தட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அங்கேதான் என்மேப் வருகிறது. கோர்டன் லயன் என்பவர் 1997இல் வெளியிட்ட இலவச நெட்வேர்க் ஸ்கேனர் இது. ஒரு கணினியில் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்ப்பதே இதன் அடிப்படை வேலை. போர்ட் என்பது ஒரு கணினி எந்தச் சேவைக்கான தொடர்பை எங்கே ஏற்கும் என்று குறிக்கும் எண். இணையத்தளங்களுக்கு வழக்கமாக 80, 443.

பின்னாளில் இதோடு சிறு நிரல்களைச் சேர்த்து ஓட்டும் வசதி வந்தது. அந்தச் சிறு நிரல்தான் ஸ்கிரிப்ட். லுவா என்ற மொழியில் எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான ஸ்கிரிப்ட்கள் என்மேப்போடு சேர்ந்தே வருகின்றன. அவற்றில் ஒன்று ‘எச்டிடிபி-வேர்ட்பிரஸ்-எனம்’. இணையச் சேவை திறந்திருக்கிறது என்று என்மேப் கண்டதும், இந்த ஸ்கிரிப்ட் தன் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும்.

அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்பது முக்கியம். பிளகின்களுக்கு ஏறத்தாழ 14,000 பெயர்கள், தீம்களுக்கு ஏறத்தாழ 32,000 பெயர்கள் கொண்ட இரண்டு பைல்கள், பிரபலமானவை மேலே வரும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் நீங்கள் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் மேலேயுள்ள 100 பெயர்களை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடும். முழுப் பட்டியலையும் கேள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். “ஸ்கேன் பண்ணினோம், ஒன்றும் வரவில்லை” என்பவர்களில் பலர் இந்த நூறோடு நின்றவர்கள்தான்.

சைட்டின் ஐபி எண்ணை (சேர்வரின் எண் முகவரியை) கொடுக்காமல் டொமைன் பெயரை (பிரவுசரில் நாம் தட்டும் சைட்டின் பெயரை) கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். நம் ஊர்ச் சின்னச் சைட்கள் பெரும்பாலும் மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவை. ஒரே ஐபியில் பல பேருடைய சைட் இருக்கும். எண்ணை மட்டும் கொடுத்தால் பதில் சொல்வது யாருடைய சைட் என்றே தெரியாது.

எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ சொல்லும் சேர்வர்

சில கடைக்காரர் எதைக் கேட்டாலும் “ஓம், ஓம்” என்பார், எடுத்துத் தரச் சொன்னால்தான் இல்லை என்பது தெரியும். சேர்வர்களிலும் இப்படி உண்டு. இல்லாத பக்கத்தைக் கேட்டால் 404 அனுப்பாமல் 200 அனுப்பி, “மன்னிக்கவும், பக்கம் கிடைக்கவில்லை” என்று அழகான படத்தோடு ஒரு பக்கத்தைக் காட்டும். சில சேர்வர்கள் முகப்புப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். எண்ணை மட்டும் நம்பினால் கேட்ட பெயர் அத்தனையும் ‘இருக்கிறது’ என்றே பதிவாகும்.

இதைச் சமாளிக்க ஸ்கிரிப்ட் செய்யும் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையான கேள்விகளைத் தொடங்குமுன், அங்கே இருக்கவே முடியாத ஒரு கண்டபாட்டுப் பெயரைக் கேட்டுப் பார்க்கும். கல்முனைக் கடையில் போய் முதல் கேள்வியாக “விமான இறக்கை இருக்கா?” என்று கேட்பது மாதிரி. அதற்கு என்ன பதில் வருகிறதோ, அதுதான் இந்தச் சேர்வர் ‘இல்லை’ என்பதைச் சொல்லும் விதம் என்று குறித்துக்கொள்ளும். பிறகு வரும் ஒவ்வொரு பதிலையும் அதோடு ஒப்பிடும். ஒரே மாதிரி இருந்தால் ‘இல்லை’. வேறுபட்டால் ‘இருக்கிறது’.

இந்த ஒப்பீடும் சில நேரம் சறுக்கும். பிழைப் பக்கத்தில் நேரமோ மாறும் விளம்பரமோ இருந்தால் இரண்டு பதில்கள் ஒன்றுபோல் இருக்காது. ஆகவே நூறு கேட்டு நூறும் ‘இருக்கிறது’ என்று வந்தால், பதில் சொன்ன விதத்தில்தான் கோளாறு என்று சந்தேகப்படுங்கள். அந்த நூறும் ஒரே சைட்டில் இருக்கும் என்று நம்ப ஏலாது.

எந்த வேர்ஷன் என்பது எப்படித் தெரிகிறது

பிளகின் இருக்கிறது என்பதைவிட, எந்த வேர்ஷன் என்பதுதான் பெரிய விடயம். தெரியவந்த ஓட்டைகள், அதாவது தாக்குகிறவர் நுழைய இடங்கொடுக்கும் பிழைகள், பழைய வேர்ஷன்களில் இருக்கின்றன, புதியதில் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும்.

களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு பிளகினும் ‘ரீட்மீ’ என்ற ஒரு சாதாரண எழுத்துப் பைலைச் சுமந்துகொண்டு வரும். யாரும் பிரவுசரில் திறந்து வாசிக்கலாம். முதல் வரியில் பிளகினின் பெயர். கீழே எழுதியவர்கள் யார், எந்த வேர்ட்பிரஸ் வரை பரிசோதித்தது என்று வரிகள் வரும். அவற்றுக்கு இடையில் ‘ஸ்டேபிள் டாக்’ என்று ஒரு வரி, பக்கத்தில் 5.1.7 போல ஓர் எண். ஸ்கிரிப்ட் அந்த வரியைப் பிடித்து எண்ணை எடுத்துக்கொள்கிறது. விரும்பினால் வேர்ட்பிரஸ் களஞ்சியத்தையே கேட்டு, இப்போதைய புதிய வேர்ஷன் எது என்பதையும் பக்கத்தில் காட்டும். அந்த வசதியையும் நீங்களே சொல்லி இயக்க வேண்டும்.

பிளகின் எழுதியவர் ரீட்மீயில் எண்ணை மாற்ற மறந்திருந்தால் ஸ்கேனும் பிழையான எண்ணையே சொல்லும். சிலர் எண்ணுக்குப் பதிலாக ‘ட்ரங்க்’ என்ற சொல்லைப் போட்டிருப்பார்கள். அப்போது எண்ணே கிடைக்காது.

சரி, இந்தப் பைலை அழித்துவிட்டால் வேர்ஷன் வெளியே தெரியாதே என்று கேட்பவர்கள் உண்டு. அழிக்கலாம், அடுத்த அப்டேட்டில் அது திரும்ப வந்துவிடும். அதைவிட, தாக்குகிறவர்கள் பலர் வேர்ஷன் பார்ப்பதே இல்லை. ஓட்டை இருக்குமா என்று நேரே முயன்று பார்த்துவிடுகிறார்கள். ரீட்மீயை ஒளிக்கச் செலவிடும் நேரத்தில் அப்டேட் அழுத்திவிடலாம் என்பதே என் கருத்து.

ஸ்கேன் காணாதவை

குழப்பம் அதிகம் உள்ள இடம் இதுதான்.

முதலாவது, பட்டியலில் இல்லாதவை. உங்கள் கெஸ்ட் ஹவுஸுக்கென்று ஒருவர் தனியாக எழுதிக் கொடுத்த பதிவுப் பிளகின் எந்தப் பட்டியலிலும் இருக்காது. பட்டியல் தொகுத்த பிறகு வந்த பிளகின்களும் அப்படியே. காசுக்கு வாங்கியவற்றில் பல களஞ்சியத்திலேயே இல்லை.

அடுத்தது, வேறு இடத்தில் இருப்பவை. 2014இல் ரெவல்யூஷன் ஸ்லைடர் என்ற பிளகினின் ஓட்டையால் உலகெங்கும் ஏராளமான வேர்ட்பிரஸ் சைட்கள் தாக்கப்பட்டன. அந்த ஸ்லைடரைப் பல தீம்கள் தங்களோடு பொதி செய்தே விற்றிருந்தன. தீம் வாங்கியவருக்குத் தன்னிடம் அந்தப் பிளகின் இருப்பதே தெரியவில்லை, ஆகவே அப்டேட் செய்யவும் தோன்றவில்லை. சில தீம்களில் அது தீமின் போல்டருக்குள்ளேயே கிடந்தது. ‘பிளகின்ஸ்’ போல்டரில் மட்டும் தேடும் ஸ்கேனுக்கு அது அகப்படாது.

மூன்றாவது, பதிலை மாற்றும் காவல்கள். சைட்டுக்கு முன்னால் நின்று வருகிற கேள்விகளை வடிகட்டும் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை இருந்தால் பதில் சொல்வது பல நேரம் அதுதான். சில கேள்விகளுக்குப் பிறகு இது மனிதர் இல்லை என்று கண்டு, மீதி எல்லாவற்றுக்கும் 403 அனுப்பக்கூடும். அப்படியானால் ஸ்கேன் முடிவு அர்த்தமிழந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செயலிழக்கச் செய்த பிளகினை ஸ்கேன் காணும். டாஷ்போர்டில், அதாவது சொந்தக்காரர் சைட்டை நிர்வகிக்கும் பக்கத்தில், ‘டிஆக்டிவேட்’ அழுத்தினால் வேர்ட்பிரஸ் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தும். போல்டர் அப்படியே சேர்வரில் கிடக்கும். அதற்குள் நேரடியாக அழைக்கக்கூடிய பைல் ஒன்று ஓட்டையோடு இருந்தால், செயலிழக்கச் செய்ததால் பயனில்லை. பாவிக்காத பிளகினை அழித்தே விடுங்கள்.

சுருக்கம்: ‘வரவில்லை’ என்றால் கேட்ட பெயர்களுக்கு, கேட்ட இடத்தில், ‘இருக்கிறது’ என்ற பதில் கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள்.

கேட்காமலே தெரிபவை

ஸ்கேன் இல்லாமலும் பல பிளகின்கள் வெளியே தெரியும். சைட்டின் முகப்புப் பக்கத்தில் வலது கிளிக் செய்து மூலத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பிளகினும் தன் அலங்காரப் பைல்களை அழைக்கும் வரியில் போல்டர் பெயர் அப்படியே இருக்கும்; கடைசியில் வேர்ஷன் எண்ணும் பல நேரம் இருக்கும். சைட் முகவரியோடு ‘டபிள்யூபி-ஜேசன்’ என்று சேர்த்துத் திறந்தால் வரும் நீண்ட எழுத்துக் குவியலிலும் இணையக் கடை நடத்தப் பயன்படும் வூகொமேர்ஸ் போன்ற பிளகின்களின் பெயர்கள் தென்படும். தனியே எழுதப்பட்ட பிளகின் எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும் இங்கே அகப்படலாம். நான் என்றால் முதலில் இதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கிரிப்டுக்குப் போவேன்.

இது குற்றமா

கேள்வி கேட்பது மட்டும்தானே என்று எண்ணி அடுத்தவர் சைட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். என்மேப் உருவாக்கியவர்களே இந்த ஸ்கிரிப்டை ‘ஊடுருவும் ஸ்கிரிப்ட்கள்’ என்ற வகையில் சேர்த்திருக்கிறார்கள். வழக்கமான ஸ்கேனில் அது தானாக ஓடாது, பெயர் சொல்லி அழைக்க வேண்டும். சில நொடியில் நூற்றுக்கணக்கான கேள்விகள் போவதால் பலவீனமான சேர்வர் திணறும். பகிர்வு ஹோஸ்டிங் என்றால் பக்கத்துச் சைட்டுக்காரரும் சேர்ந்து அவதிப்படுவார்.

யாருக்கும் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். சேர்வரின் பதிவேட்டில் ஒரே ஐபியிலிருந்து வந்த 404 வரிகள் வரிசையாக நிற்கும். வழக்கமான அமைப்பில் ஸ்கிரிப்ட் தன்னை என்மேப் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். அனுமதியில்லாமல் கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுக முயல்வது இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் வரக்கூடியது. சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஹோஸ்டிங் நிறுவனத்தின் விதியையும் பாருங்கள்.

பழகிப் பார்க்க ஆசையென்றால் உங்கள் மடிக்கணினியிலேயே வேர்ட்பிரஸைப் போட்டு, இரண்டு மூன்று பிளகின்களைச் சேர்த்து, 127.0.0.1 என்ற உங்கள் கணினியின் சொந்த முகவரியில் ஓட்டிப் பாருங்கள். வேர்ட்பிரஸ் உள்போல்டர் ஒன்றில் இருந்தால் அந்தப் பாதையையும் ஸ்கிரிப்டுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பிளகினைச் செயலிழக்கச் செய்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். பிறகு அழித்துவிட்டு ஓட்டுங்கள். மேலே சொன்ன வித்தியாசம் கண்முன்னே தெரியும்.

சொந்தக்காரருக்கு எழுதிக் கொடுக்கும்போது

சொந்தச் சைட் என்றால் டாஷ்போர்டில் பிளகின் பட்டியல் முழுதாக இருக்கிறதே, பிறகு ஏன் வெளியிலிருந்து தேட வேண்டும்? கட்டியவர் பரிசோதனைக்கென்று ‘ஓல்ட்’, ‘டெஸ்ட்’ என்ற பெயரில் இன்னொரு வேர்ட்பிரஸை அதே சேர்வரில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அது உங்கள் டாஷ்போர்டில் தெரியாது, வெளியிலிருந்து அந்தப் பாதையைக் கேட்டால் பதில் சொல்லும். பழைய பிளகின்கள் அதிகம் தங்கியிருப்பதும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

யாருக்காவது அனுமதியோடு ஸ்கேன் செய்து கொடுத்தால், “ஓட்டை இல்லை”, “சைட் பத்திரம்” என்ற சொற்களை எழுதாதீர்கள். என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்: “இந்தத் திகதியில், பிரபலமான 100 பிளகின் பெயர்களைக் கேட்டதில் 4 தெரிந்தன. ஒன்றின் வேர்ஷன் பழையது. ரீட்மீயிலிருந்து எடுத்த எண், டாஷ்போர்டில் உறுதிசெய்ய வேண்டும். தனியே எழுதப்பட்டவையும் தீமோடு பொதியாக வந்தவையும் இந்தத் தேடலில் அடங்கவில்லை.” இப்படி எழுதிக் கொடுத்தால் கெஸ்ட் ஹவுஸ் அக்கா அடுத்து யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கே விளங்கும்: டாஷ்போர்டின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, அந்தப் பழையதை யார் அப்டேட் செய்வது, பாவிக்காத மற்றதை எப்போது அழிப்பது.